முப்பத்தெட்டு வீடுகளுக்கு ஒரு கேட்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு வெயிலின் நிறம் மாறியது. ஒரியானா அதை வானத்தில் பார்க்கவில்லை, நோட்டுப்புத்தகத்தில் பார்த்தாள். வெள்ளைத் தாள் பூசணிக்காயின் உட்பக்கம் போல மஞ்சளாகியிருந்தது. எழுதிக்கொண்டிருந்த எண்ணை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த அரை நிமிடத்தைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சன்னலுக்கு வெளியே, தெற்கு மேட்டில், தைலமரத் தோப்புக்குப் பின்னால் புகை. அது நிமிர்ந்து நிற்கவில்லை, படுத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து போகும் புகை என்றால் நேரம் இருக்கிறது. படுத்து வந்தால் காற்று தள்ளுகிறது. சிலி நாட்டு வால்பராய்சோவின் மேடுகளில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் எழுதிக்கொண்டிருந்ததும் தீயைப் பற்றித்தான். பகலில் ரொட்டிக்கடையில் வேலை, வாரத்தில் நான்கு மாலை கீழே நகரத்தில் விபத்துத் தடுப்புப் படிப்பு. ஆளுக்கொரு ஆய்வு செய்யச் சொல்லியிருந்தார் ஆசிரியர் உர்ருத்யா. ஒரியானா தான் பிறந்து வளர்ந்த போல்தோ முட்டுச்சந்தைப் பற்றியே எழுதுவதாகச் சொல்லிவிட்டாள். மேல்முனையில் பள்ளம், கீழ்முனையில் ஒரே வாசல், நடுவில் வீடுகள். இதைவிடச் சின்ன இடம் கிடைக்காது, தப்பு வராது என்று நினைத்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தீ வந்தது. அப்போது இங்கே இருந்தது பதினோரு வீடு, எரிந்தது நான்கு. இப்போது முப்பத்தெட்டு வீடு. யாரும் புதிதாக நிலம் வாங்கவில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணமானது, பின்கட்டில் ஒரு மரவீடு முளைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்படியே பள்ளத்தின் விளிம்பு வரைக்கும். பழைய தீ போன தடத்தைச் சிவப்புப் பென்சிலால் போட்டு, அதன்மேல் இன்றைய வீடுகளை வைத்துப் பார்த்தாள். அதே தீ அதே தடத்தில் இன்று வந்தால் பதினேழு வீடு எரியும். வெயில் ஒரு துளி கூடாவிட்டாலும் பதினேழு.

ஆனால் வெயில் கூடியிருந்தது. காலையில் கடலிலிருந்து ஏறி வந்து கூரைத் தகரத்தை நனைத்துவிட்டுப் போகும் மூடுபனி இப்போது வாரத்துக்கு ஒருநாள் வந்தால் அதிகம். வானிலைப் பதிவேட்டில், முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டிய நாட்கள் பழைய தீ வந்த கோடையில் நான்கு, போன கோடையில் பத்தொன்பது. ‘நஷ்டம் கூடினால் அதில் வீட்டின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு? பிரித்துக் காட்டு’ என்று உர்ருத்யா ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று முறை கணக்குப் போட்டாள். மூன்று விடை வந்தது.

பதிவேட்டில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டிருந்தது. அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்பா எலிசெயோ அதற்குள் கூரைமேல் ஏறியிருந்தார். தகரத்தில் அவர் நடக்கும் சத்தமும், குழாய்த் தண்ணீர் அடிக்கும் சத்தமும் கேட்டன.

“அப்பா, கிளம்பலாம்!”

“நீயும் அக்காவும் குழந்தையத் தூக்கிட்டுப் போங்க. நான் இத முடிச்சுட்டு வரேன்.”

“எத முடிச்சுட்டு?”

“தீய.”

போன தீயின்போது இதே கூரையில் இதே ரப்பர் குழாயோடு நின்றவர் அவர். தீ அவர்கள் வேலியோடு நின்றுபோனது. அன்றிலிருந்து போல்தோ சந்துக்கு அது ‘எலிசெயோ நிறுத்தின தீ’. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இறைச்சி சுடும்போது அந்தக் கதை வரும்; ஒவ்வொரு முறையும் தீ இன்னும் கொஞ்சம் உயரமாக வரும். இந்த நேரத்தில் அவரோடு வாதாடிப் பயனில்லை என்று ஒரியானா பின்கட்டிலிருந்த அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

அக்கா மிலென்கா நாலு மாதக் குழந்தை லூசைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் டயப்பர் பையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் துறைமுகத்தில் வேலையில் இருந்தான். அம்மா வடக்கே சுரங்க முகாமில் சமையல்காரி. வர இன்னும் ஆறு நாள்.

“பை வேண்டாம்க்கா. வா.”

“பால் பவுடர் வேணாமாடி? அடுத்த வேளைக்கு என்ன குடுப்ப, உன் நோட்டப் பிழிஞ்சா?”

இரண்டு நிமிடம் ஆனது. ஒரியானா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

மிலென்கா ஓட்டிய காரில் நூறு மீட்டர்கூடப் போகவில்லை, நின்றுவிட்டார்கள். முன்னால் பிரேக் விளக்குகள். ஒரியானா இறங்கி எட்டிப் பார்த்தாள். பதினாறு வண்டிகள் ஒன்றன் வாலில் ஒன்றாக நின்றன. அதற்கப்பால் கேட் மூடியிருந்தது.

அது பக்கவாட்டில் நகரும் இரும்புக் கேட். இரண்டு வருடத்துக்கு முன்னால் திருடர்கள் ஒரே வாரத்தில் நான்கு வீட்டில் கைவைத்தபோது, அண்டை அயலெல்லாம் சேர்ந்து போட்டது. இரண்டரை மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் உயர்ந்த மதில், மின் மோட்டார். செய்தவர் எலிசெயோ, வெல்டிங் அவருடைய தொழில். ஆறு மாதம் கழித்து ஒருவன் பக்கத்துச் சின்னக் கதவின் பூட்டை உடைத்து வந்தான். உடனே இன்னொரு கூட்டம். சின்னக் கதவையே இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து மூடிவிடுவது என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரியானாவும் தூக்கினாள். அந்த வாரம்தான் நோட்டில் ‘வீடு 38, வெளியேறும் வழி 1’ என்று எழுதியிருந்தாள். எழுந்து சொல்லலாமா என்று நினைத்தாள். எண்கள் சரியாக இருக்குமா என்று சந்தேகம் வந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது.

இப்போது மின்சாரம் இல்லை. மோட்டாரைக் கையால் விடுவிக்கும் சாவி, சந்தே மரியாதையாகத் ‘தோன்யா’ என்று அழைக்கும் தெருச் சங்கத் தலைவி எர்மீனியாவிடம். அவர் காலையிலேயே கீழே நகரத்துக்குப் போயிருந்தார். கைபேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தன.

“விலகுங்க, விலகுங்க!” என்று ஒருவன் தன் சரக்கு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வேகமாக வந்து கேட்டில் மோதினான். கேட் முனகியது. அடிப்பாகம் வளைந்து, அது நகரும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டது. இன்னொருமுறை மோதினான். வண்டியின் மூக்கு நசுங்கி, நீராவி வந்தது.

“எலிசெயோ செஞ்சதுடா அது! உன் தகர டப்பாவுக்கு உடைஞ்சுடுமா?” என்று யாரோ கத்தினார்கள். போன வருடம் இதே வாக்கியம் பாராட்டாக இருந்தது.

மதிலில் ஏணி சாத்தி இரண்டு இளைஞர்கள் மறுபக்கம் குதித்துவிட்டார்கள். ஆனால் வரிசையில் சக்கர நாற்காலிகள் இரண்டு இருந்தன. கைக்குழந்தைகள் எத்தனை என்று ஒரியானா எண்ண ஆரம்பித்து, ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள். மேலே தைலமரங்கள் வெடிக்கும் சத்தம் பட்டாசுக் கட்டைப் பற்றவைத்தது போலத் தொடர்ச்சியாக வந்தது. கார்களுக்கு அடியில் முயல்கள் ஓடின. ஒரு தீப்பொறி அவள் கைமேல் விழுந்து, எரிந்து, அணைந்தது. பொறி என்று சொல்ல முடியாது, விரல் நீள மரப்பட்டை.

“எலிசெயோவக் கூட்டிட்டு வாங்க!” என்றாள் ஒரு பெண். “செஞ்சவனுக்குத்தான் தெரியும் எப்படிக் கழட்டணும்னு. எங்க அந்த மனுஷன்?”

எல்லோரும் ஒரியானாவைப் பார்த்தார்கள்.

மிலென்கா கார்ச் சன்னலை இறக்கினாள். குழந்தையின் முகத்தில் ஈரத் துணி போட்டிருந்தாள். “போய் இழுத்துட்டு வாடி. வரலேன்னா கல்லால அடிச்சாவது கொண்டா.”

எல்லோரும் இறங்கி வரும் பாதையில் அவள் ஏறி ஓடினாள். மூச்சு உள்ளே போகவில்லை; தொண்டையில் யாரோ உப்புத்தாளைத் தேய்ப்பது போல் இருந்தது. நடுவில் ஒருமுறை நின்றாள். திரும்பி ஓடிவிடலாம், அப்பாவைக் காணவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குப் பயந்துகொண்டே மறுபடி ஓடினாள்.

அப்பா கூரையில் நின்றிருந்தார். எதிர்க்கூரையில் தோன் அபெலார்தோ, அவர் கையிலும் ஒரு குழாய். இருவரும் இருபது வருடச் சீட்டாட்டக் கூட்டாளிகள்.

“வந்தாச்சு எஞ்சினியரம்மா!” என்று அபெலார்தோ கத்தினார். “நோட்டுல எழுதிக்கோ. ரெண்டு கிழவனுங்க, ரெண்டு குழாய், தீ தோத்துப்போச்சு!”

அவர் குழாயில் வந்தது ஒரு சுண்டுவிரல் தண்ணீர். அப்பாவின் குழாயில் அதுவும் இல்லை, நூல். சந்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். பதினோரு வீட்டுக்குப் போட்ட பைப்.

“அப்பா, கேட்டு திறக்கல! கரண்ட் போச்சு, சாவி எர்மீனியாகிட்ட. மிலென்காவும் குழந்தையும் அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க!”

“வண்டிய விட்டு இடிக்கச் சொல்லு.”

“இடிச்சாச்சு. வளைஞ்சு இன்னும் இறுகிப்போச்சு. நீங்க செஞ்சதாச்சே!”

அந்தப் புகையிலும் அப்பாவின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்து போனதை ஒரியானா பார்த்தாள். பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஆனாலும் அவர் கால் நகரவில்லை.

“நான் இறங்கினா வீடு போயிடும், பொண்ணே. உன் அக்கா வீடும் போயிடும். போன தடவை நான் நின்னதாலதான தீ நின்னுச்சு?”

பள்ளத்தின் விளிம்பில் இருந்த மரவீடு ஒன்று ‘புஸ்’ என்ற சத்தத்தோடு முழுசாகப் பற்றியது. உள்ளே எரிவாயு உருளை வெடித்தது. தரை அதிர்ந்தது.

“போன தடவை நீங்க நிறுத்தல, அப்பா.”

“என்ன?”

“காத்து திரும்பிச்சு. சாயங்காலம் ஆறு பத்துக்கு தெக்குக் காத்து நின்னு, கடல் காத்து வந்துச்சு. பதிவேட்டுல இருக்கு. தீ அதோடயே திரும்பிப் போச்சு. நீங்க இல்லாட்டியும் அது வேலியோடதான் நின்னிருக்கும். இன்னிக்குக் காத்து திரும்பாது. எட்டு மணி வரைக்கும் தெக்குதான்னு காலைலயே சொல்லிட்டாங்க.”

பதிவேடு இருந்த நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ஆறு பத்துக்குத் திரும்பிய காற்று இந்த மேட்டில் எப்போது திரும்பியது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை அவர்தான் நிறுத்தினாரோ என்னவோ. அதை அவள் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, உறுதியில்லாத ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டு நின்றாள்.

அப்பா அவளையே பார்த்தார். அறை வாங்கியவர் போல இருந்தது அந்த முகம். பிறகு குழாயைக் கூரையில் போட்டுவிட்டு இறங்கினார். சுவரோரக் குழாயைத் திருகி மூடினார்.

“அபெலார்தோ! என்னோடத மூடிட்டேன், உனக்குத் தண்ணி வரும்! நீயும் இறங்கிடு!”

“அஞ்சு நிமிஷம்!” என்று பதில் வந்தது. “பாரு, வருது, நல்லா வருது! போ, நான் பின்னாலயே வரேன்!”

அவர் குழாயில் தண்ணீர் தடித்துப் பாய்ந்தது. அதைத்தான் ஒரியானா கடைசியாகப் பார்த்தாள்.

அப்பா பட்டறையிலிருந்து லாரி ஜாக்கியையும் நீள இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி. ஓட்டத்தில் நடுநடுவே அவர் பேசிக்கொண்டே வந்தார், அவளிடமா தனக்குத்தானேயா என்று தெரியவில்லை.

“கேட்டத் தூக்கி எடுத்துடாம இருக்க, மேல ஒரு தடுப்பு போட்டிருக்கேன்ல. நீளத்துக்கு முழுசா பத்தவைக்கணும். மதில் பக்க முனைல வெல்டிங் குச்சி தீந்துபோச்சு. நாளைக்குப் போட்டுக்கலாம்னு சாம்பல் பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டேன். யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷமா தினமும் அத நினைச்சுட்டுத்தான் வெளிய போவேன். அசிங்கமா இருக்கும்.”

“அப்பா, ஓடுங்க.”

“ஓடிக்கிட்டுத்தானடி இருக்கேன்.”

கேட்டருகே புகை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கார்களுக்குள் இருந்தவர்கள் ஒலிப்பானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள், யாருக்கு என்று தெரியாமல். அப்பா ஏணியில் ஏறி, மேல் தடுப்பின் மதில் பக்க முனையைக் கையால் தடவினார். கம்பியை இடுக்கில் நுழைத்துத் தொங்கினார். பெயின்ட் விரிசல் விட்டது. இரும்புப் பட்டை காகிதம் போலப் பிரிந்து மேலே வளைந்தது.

“இதோ, இந்த மூலைல ஜாக்கி! அடியில கல்லு வைங்க! எல்லாரும் இழுக்காதீங்க, நான் சொல்லும்போது இழுங்க. சரக்கு வண்டிக்காரா, உன் கயித்தக் கொடு. ஏய், முன்னால நிக்காத, மேல விழுந்தா உன்னச் சுரண்டித்தான் எடுக்கணும்!”

ஜாக்கி ஒரு விரல் உயர்ந்தது. இரண்டு விரல். கேட்டின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழுந்தது. “இப்ப!” என்றார். மதிலேறி மறுபக்கம் இறங்கியிருந்த பன்னிரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். கேட் ஒருபக்கம் சாய்ந்து, தயங்கி, பிறகு முழு எடையோடு வெளிப்பக்கமாக விழுந்தது. அந்தச் சத்தத்தில் எல்லா ஒலிப்பான்களும் ஒரு கணம் நின்றன.

நான்கு பன்னிரண்டு. மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வது ஒரியானாவின் பழக்கம், மனசு எங்கே இருந்தாலும்.

கார்கள் விழுந்த கேட்டின் மீதே ஏறிப் போயின. இரும்பு ஒவ்வொரு வண்டிக்கும் கூவியது. மிலென்காவின் கார் பதினேழாவது. ஒரியானா ஓடும் காரின் கதவைத் திறந்து அப்பாவை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டாள்.

“அபெலார்தோ வந்துட்டானா?” என்றார் அவர்.

ஒரியானா திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடியில் சந்து தெரியவில்லை. கறுப்பு மட்டும் தெரிந்தது, அதற்குள் மெதுவாக நடமாடும் ஒரு சிவப்பு. லூஸ் அழவில்லை. அதுதான் ஒரியானாவை மிகவும் பயமுறுத்தியது. ஈரத் துணிக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தாள். சூடான சின்ன மூச்சு வந்தது. மறுபடி வைத்துப் பார்த்தாள். கடற்கரைச் சாலை வரும்வரை விரலை எடுக்கவேயில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே நேரத்துக்கு, போல்தோ சந்தில் கூட்டம். நாற்காலிகள் இல்லை, எரிந்த குளிர்பெட்டிகளின் மீது உட்கார்ந்தார்கள். யாரோ ரொட்டியும் மசித்த வெண்ணெய்ப்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். சாம்பல் எல்லாவற்றிலும் ஒட்டியது.

முப்பத்தெட்டில் முப்பத்தொன்று எரிந்திருந்தது. சிவப்புப் பென்சில் பதினேழு என்று சொல்லியிருந்தது. மீதி பதினான்கு. அப்பாவின் வீடு, அக்காவின் வீடு, அபெலார்தோவின் வீடு எல்லாம் அந்தப் பதினான்கில். அது முழுக்க வெயிலின் பங்கா, காற்றின் பங்கா, தன் பென்சில் கோட்டின் பிழையா என்று ஒரியானாவுக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. நோட்டும் எரிந்துவிட்டது. அபெலார்தோவைக் கூரைக்குக் கீழே கண்டெடுத்தார்கள்.

அப்பா அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார், பள்ளிக்கூட முகாமில், படுத்தபடியே. “குழாய மூடாம இருந்திருந்தா, அவனுக்குத் தண்ணி வந்திருக்காது. இறங்கியிருப்பான்.” சற்றுக் கழித்து, “காத்து திரும்பிச்சுன்னியே. நிஜமா?” என்றார்.

“எனக்கு நிச்சயமா தெரியாதுப்பா” என்றாள். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூட்டத்தில் முதல் பேச்சே கேட்தான். எரிந்த மனைகளில் இரவில் யாரோ புகுந்து தாமிரக் கம்பியை அள்ளிப்போகிறார்கள்.

“பழையபடி கேட் போடணும்” என்றார் தோன்யா எர்மீனியா. மூன்று வாரத்தில் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது. சாவியைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார். “எலிசெயோ, உங்களால முடியுமா?”

“போடறேன்” என்றார் அப்பா. “தடுப்ப எங்கயும் முழுசா பத்தவைக்க மாட்டேன். சின்னக் கதவுக்குப் பூட்டும் வைக்க மாட்டேன்.”

“அப்ப திருடனுக்கு விருந்து வச்சு அழைக்கவேண்டியதுதான்” என்று ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரியானா எழுந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. “கேட்டு மட்டும் போதாது. மேல்முனைல இன்னொரு வழி வேணும், பக்கத்து மேட்டு ரோட்டுக்கு. இப்ப மனைல அடிச்சிருக்கற முளைகள எண்ணினேன். நாப்பத்தி நாலு வீடு வரப்போகுது. போன தடவைய விட ஆறு அதிகம்.”

“வழி யார் மனைல போகும், எஞ்சினியரம்மா?”

“எங்க பின்கட்டுல. அக்கா வீடு இருந்த இடத்துல.”

மிலென்கா நிமிர்ந்து பார்த்தாள். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பத்து நாளாகச் சொல்லத் துணியவில்லை.

“அப்ப நான் எங்கடி போவேன், குழந்தையோட? உன் கணக்குலயா குடியிருப்பேன்?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தெற்கிலிருந்து காற்று எழுந்தது. சாம்பல் ஒரு முழம் உயரத்துக்குக் கிளம்பிச் சுற்றியது. காற்றில் மெலிதாகப் புகை வாசம். ரொட்டியைக் கடித்தவர் மெல்லவில்லை. எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியது. தோன்யா எர்மீனியாவின் கை கழுத்துச் சாவிக்குப் போனது.

“ரொட்டி அடுப்பு” என்றார் யாரோ. “அங்க, கீழ்த்தெருவுல. ரொட்டி அடுப்புதான்.”

ஆனாலும் எழுந்து நின்றவர்கள் உட்காரவில்லை. மிலென்கா லூசின் தலையைத் தன் தாடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு, தெற்கு மேட்டையே பார்த்தபடி நின்றாள். தோப்பு இருந்த இடத்தில் கறுத்த குச்சிகளும், அவற்றின் அடியில் இப்போதே துளிர்க்கத் தொடங்கிய தைலமர இலைகளும் தெரிந்தன.

“எவ்வளவு அகலம் வேணும்?” என்றாள், திரும்பாமலே.

“நாலு மீட்டர்” என்றாள் ஒரியானா.

அப்பா எழுந்து, பின்கட்டை நோக்கி நடந்து, அக்கா வீட்டின் முளையைப் பிடுங்கினார்.